ஒரே காசில் இரண்டு மன்னர்கள்: எந்தப் பெயரை நம்புவது?

கேள்வி: வியன்னாவில் வேலை பார்க்கும் என் மகன் ஒரு ஹங்கேரியத் தங்கக் காசுக்கு விலை பேசி வைத்திருக்கிறான். ஒரு பக்கம் குழந்தையோடு மேரி மாதா, சுற்றிலும் ‘மத்தியாஸ்’ என்ற பெயர். மறுபக்கம் கோடரி ஏந்திய மன்னர், ‘எஸ். லாடிஸ்லாவ்ஸ் ரெக்ஸ்’ என்ற எழுத்து. லாடிஸ்லாவ்ஸ் 11ஆம் நூற்றாண்டு மன்னராமே, அப்படியானால் காசு அவ்வளவு பழையதா? வாங்கினால் வளையம் வைத்துச் சங்கிலியில் கோக்கலாமா?

பதில்: காசை அடித்தவர் மத்தியாஸ்தான். 1458 முதல் 1490 வரை ஹங்கேரியை ஆண்டவர். 1485இல் வியன்னாவைப் பிடித்து, அங்கேயே இறந்தவர். உங்கள் மகன் காசைப் பார்த்த ஊரும் அதுதான்!

கோடரிக்காரர் 1077 முதல் 1095 வரை ஆண்ட லாஸ்லோ, லத்தீனில் லாடிஸ்லாவ்ஸ். 1192இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். ‘எஸ்’ என்பது ‘புனித’ என்பதன் சுருக்கம். அந்த ஓரெழுத்தைக் கவனித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்: புனிதரின் பெயரை வைத்துக் காலம் கணிக்கக் கூடாது, மறுபக்கப் பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

ஹங்கேரியில் இந்த வகைக் காசு 1325 வாக்கில் கரோலி ரோபர்ட் மன்னர் காலத்தில் தொடங்கியது. அது புளோரன்ஸ் நகரக் காசின் நகல்: லில்லிப் பூவும் புனித யோவானும். அவர் மகன் லாயோஷ்தான் யோவானை எடுத்துவிட்டு லாஸ்லோவை வைத்தார். அயல்நாட்டு வம்சத்தில் வந்தவருக்கு மக்கள் கும்பிடும் உள்ளூர் மன்னரின் துணை தேவைப்பட்டது என்றே நான் நினைக்கிறேன். அரச குடும்பத்தில் பிறக்காமல் தேர்ந்தெடுக்கப்பட்ட மத்தியாஸுக்கு அது இன்னும் கூடுதலாகத் தேவை.

லாஸ்லோவுக்கும் காசுக்கும் ஒரு பழங்கதையும் உண்டு. தப்பி ஓடிய எதிரிகள் பொற்காசுகளை வீசிச் செல்ல, வீரர்கள் பொறுக்க நின்றுவிட்டார்களாம். மன்னர் வேண்டியதும் காசெல்லாம் கல்லானதாம். வட்டமான ஒருவகைப் புதைபடிவத்தை ஹங்கேரியர் இன்றும் ‘புனித லாஸ்லோவின் காசு’ என்கிறார்கள்.

சரி, இனி சோதனை. எடை சுமார் 3.5 கிராம் இருக்க வேண்டும், அதாவது அரைப் பவுனுக்கும் குறைவு. குறுக்களவு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். உரைகல்லில் உரச விடாதீர்கள், கேரட் மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இது ஏறக்குறைய 24 கேரட் தங்கம். 916 காட்டினால் வாங்க வேண்டாம். தங்கம் சரியாக இருந்தாலும் காசு பழையது என்று ஆகிவிடாது, நல்ல தங்கத்திலேயே பின்னாளில் செய்த நகல்கள் உண்டு. சம்மட்டியால் அடித்த காசு கச்சிதமான வட்டமாக இருக்காது. லென்ஸில் பார்க்கும்போது சிறு குழிகளோ விளிம்பில் ஒட்டுக்கோடோ தெரிந்தால் அது வார்ப்பு. மாதாவின் காலடியில் காக்கை இனப் பறவை ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள், அது மத்தியாஸின் குடும்பச் சின்னம். புனிதருக்கு அருகில் ‘கே’ எழுத்து இருந்தால் பெரும்பாலும் கிரெம்னிட்சா அக்கசாலை. இன்று அந்த ஊர் சுலோவாக்கியாவில் இருக்கிறது.

வளையம் மட்டும் வேண்டவே வேண்டாம். பற்றவைத்த தடம் விளிம்பில் விழுந்தால் சேகரிப்பாளர்கள் விலையைப் பாதியாகக்கூடக் குறைத்துக் கேட்பார்கள். ஐந்நூறு ஆண்டு தாண்டி வந்த விளிம்பு அது, மனசு கேட்கவில்லை. சங்கிலியில் போடத்தான் வேண்டுமென்றால், காசைத் தொடாமல் சுற்றிப் பிடிக்கும் சட்டம் ஒன்று செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம், பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் இரண்டு தாள் கேளுங்கள்: காசின் விவரமும் படமும் உள்ள ரசீது, பழம்பொருளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல அனுமதி வேண்டுமா என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதில். இரண்டில் ஒன்றைத் தரத் தயங்கினாலும் மகனை வேறு கடை பார்க்கச் சொல்லுங்கள்.