ஊருக்குப் போகிற வழியில் எங்கே இறங்குவீர்கள்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். டிசம்பர், ஜனவரியில் ஊருக்குப் போகவேண்டும், மழையும் புயலும் பனியும் எப்போது என்ன செய்யும் என்று தெரியவில்லை, என்ன செய்யலாம்? ரயில்வே விசாரணை கவுன்ட்டரில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சார், எங்களுக்குச் சொந்த ஊர் நாசரேத். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு சென்னையிலிருந்து குடும்பத்தோடு போவோம். 2023 வெள்ளத்துக்குப் பிறகு டிசம்பரில் அந்தப் பக்கம் ரயில் ஏறவே பயமாக இருக்கிறது. இரண்டு குழந்தைகள், 70 வயது மாமியார். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று ராத்திரிதான் கிளம்ப முடியும். ரயிலில் போகலாமா, ஆம்னி பஸ்ஸா, இல்லை கார் எடுத்துக்கொண்டு போகலாமா?
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

ரயிலில் போங்கள் அம்மா. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களைப் பயமுறுத்திய அதே சம்பவத்தைத்தான் நான் காரணமாகக் காட்டப்போகிறேன்.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் உங்கள் நாசரேத்தைத் தாண்டி ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்தது. அதற்கு மேல் போகவில்லை, நிறுத்திவிட்டார்கள். முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! வடகிழக்குப் பருவமழை மூன்று மாதத்துக்கும் சேர்த்தே தமிழ்நாட்டுக்குச் சராசரி 44 சென்டிமீட்டர்தான், அப்படியென்றால் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 800 பயணிகள். ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள், மற்றவர்கள் ஸ்டேஷனிலும் பெட்டிகளிலும். சுற்றிலும் தண்ணீர். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்களுக்கே அரிசிக்கும் பருப்புக்கும் வழி அடைந்திருந்த நேரத்தில், சமைத்துக் கொண்டுவந்து போட்டார்கள். ஹெலிகாப்டரில் வந்து உணவுப் பொட்டலம் இறக்கினார்கள். 19ஆம் தேதிதான் மீட்க முடிந்தது, வாஞ்சி மணியாச்சியிலிருந்து ஸ்பெஷல் ரயில் விட்டு சென்னைக்கு அனுப்பினார்கள்.

கஷ்டம்தான், அதுவும் கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் இருந்தவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். ஆனால் அந்த ரயிலை ஒரு ஸ்டேஷனில் நிறுத்திவைக்க ஆள் இருந்தார்கள், அதனால் அத்தனை பேரும் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள். ரோட்டில் அந்த ராத்திரி நீங்கள் ஓட்டிக்கொண்டு போகும் காரை யார் நிறுத்துவார்கள்? முன்னால் பாலம் இருக்கிறதா, போய்விட்டதா என்று ஹெட்லைட் வெளிச்சத்தில் நீங்களே கண்டுபிடிக்கவேண்டும். அதனால்தான் ரயில் என்கிறேன்.

சரி, இனி செய்ய வேண்டியது. இப்போது ரிசர்வேஷன் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, முன்பு போல 120 நாள் இல்லை. டிசம்பர் 23க்கு டிக்கெட் வேண்டுமென்றால் அக்டோபர் 24 காலையில் உட்கார்ந்துவிடுங்கள். டிக்கெட் எடுத்த கையோடு இன்னொரு வேலை. வழியில் எங்கே இறங்கித் தங்கலாம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவுசெய்யுங்கள். மதுரையில் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா? கோவில்பட்டியில்? இல்லையென்றால் மதுரை ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜின் போன் நம்பரையாவது எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தெற்கே நிலைமை மோசம் என்று ராத்திரியே தகவல் வந்தால் மதுரையில் இறங்கிவிடலாம், விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம். அந்த இடத்தை முன்பே யோசித்து வைக்காதவர்கள்தான் நடுராத்திரியில், அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தப்பான முடிவு எடுக்கிறார்கள். கவுன்ட்டரில் நான் கண்ணால் பார்த்தது இது.

மாமியாரின் மாத்திரை மூன்று நாளுக்குக் கூடுதலாக, சூட்கேஸில் வேண்டாம், கைப்பையில். பிள்ளைகளுக்கு பிஸ்கட், ஒரு போர்வை, இரண்டு பாட்டில் தண்ணீர். சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க். அவ்வளவுதான்.

ஒரகடத்தில் வேலை. ஊர் திருக்கோவிலூர் பக்கம். தீபத்துக்கு லீவு கிடைத்தால் பைக்கில் கிளம்பிவிடுவேன், கிளாம்பாக்கம் கூட்டத்தில் நிற்க முடியாது. புயல் கரையைக் கடந்த பிறகு கிளம்பினால் பிரச்சினை இல்லைதானே?
– ஒரு வாசகர், ஒரகடம்

தம்பி, உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. புயல் கரையைக் கடந்ததும் ஆபத்து முடிந்துவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உங்கள் ஊருக்கு அது கொஞ்சமும் பொருந்தாது.

2024இல் ஃபெஞ்சல் வந்தது ஞாபகம் இருக்கும். நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. சென்னை விமான நிலையத்தை அன்று மதியம் மூடி, மறுநாள் விடியற்காலையே திறந்தும்விட்டார்கள். சென்னையில் இருந்தவர்கள் அப்பாடா என்று மூச்சுவிட்டார்கள். ஆனால் புயல் கரையைக் கடந்த பிறகு அங்கேயே தயங்கி நின்று, பிறகு மெதுவாக உள்நாட்டுக்குள் போனது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டிய மழை. அடுத்த நாள் அதேபோல ஊத்தங்கரையில். ஊத்தங்கரை எங்கே, திருக்கோவிலூர் எங்கே என்று தோன்றும். அந்தப் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் சேருகிற இடம் தென்பெண்ணை, அது சாத்தனூர் அணைக்கு வரும், அணை நிரம்பினால் திறந்துவிட்டே ஆகவேண்டும், திறந்தால் உங்கள் ஊர் வழியாகத்தான் கடலுக்குப் போகும். டிசம்பர் 2ஆம் தேதி, புயல் கரையைக் கடந்து இரண்டு நாள் ஆன பிறகு, விழுப்புரம் பக்கம் அரசூரில் சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் போனதால் தென்மாவட்ட ரயில்கள் ரத்தாகின.

அதனால் நான் சொல்வது, நீங்கள் கிளம்பும் ஊரையும் போய்ச் சேரும் ஊரையும் மட்டும் பார்க்காதீர்கள். வானிலை ஆய்வு மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாவட்டவாரியாக எச்சரிக்கை போடுகிறது. நீங்கள் கடக்கிற செங்கல்பட்டு, விழுப்புரத்தையும் பாருங்கள், ஆற்றுக்கு மேலே இருக்கிற திருவண்ணாமலை, கிருஷ்ணகிரியையும் பாருங்கள். சிவப்பு என்றால் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்று அர்த்தம். மேலே சிவப்பு என்றால் கீழே ஒரு நாள் கழித்து வெள்ளம்.

பைக்கில் போயே ஆகவேண்டும் என்றால் விடிந்த பிறகு கிளம்புங்கள். ரோட்டின் மேல் தண்ணீர் ஓடினால், அது முழங்கால் அளவுதான் என்று பக்கத்தில் நிற்பவர் சொன்னாலும் இறங்காதீர்கள். ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே பைக்கைப் புரட்டிவிடும், கீழே ரோடு அறுத்துக்கொண்டு போயிருந்தால் மேலே இருந்து தெரியவே தெரியாது. வண்டியைத் திருப்புங்கள். திண்டிவனத்தில் ஒரு டீக்கடை வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை தம்பி. தீபம் அடுத்த வருடமும் ஏற்றுவார்கள்.

டெல்லியில் மத்திய அரசு வேலை. பொங்கலுக்குக் கும்பகோணம் போகவேண்டும். ஜனவரிப் பனிமூட்டத்தில் ரயில், விமானம் இரண்டுமே நம்பமுடியாத மாதிரி இருக்கிறது. எது மேல்?
– ஒரு வாசகர், ஆர்.கே.புரம், புது டெல்லி

விமானம், ஆனால் மதியத்துக்கு மேல் கிளம்புகிற விமானம். டெல்லிப் பனிமூட்டம் பின்னிரவில் கட்டி, காலை ஒன்பது பத்து மணிக்குத்தான் கலையத் தொடங்கும். சில நாள் அதுவும் இல்லை. டெல்லியில் 50 மீட்டர் தூரம் மட்டும் தெரிந்தாலே இறக்கக்கூடிய கருவிகள் இருக்கின்றன, ஆனால் விமானத்திலும் அதற்கான கருவி வேண்டும், விமானிக்கும் அதற்கான பயிற்சி வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் விமானம் ஜெய்ப்பூருக்கோ லக்னோவுக்கோ திரும்பும். அப்புறம் அந்த விமானம் டெல்லிக்கு வந்துதானே உங்களை ஏற்றவேண்டும்? காலையில் தொடங்குகிற தாமதம் சாயங்காலம் வரை இழுக்கும். அதனால் டிக்கெட் விலை குறைவு என்று கடைசி விமானத்தையும் எடுக்காதீர்கள். பன்னிரண்டுக்கும் நான்குக்கும் நடுவே ஒன்று பாருங்கள்.

ரயிலில் பிரச்சினை வேறு மாதிரி. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் டெல்லியிலிருந்து கிளம்பும்போதே தாமதம் ஏன் என்று கேட்பார்கள். சென்னையிலிருந்து வருகிற அதே பெட்டிகள்தான் திரும்பவும் போகவேண்டும், வரும்போது ஜான்சி, குவாலியர், ஆக்ரா பக்கம் பனியில் ஊர்ந்து வந்தால் கிளம்புவதும் தள்ளிப்போகும். ஓட்டுநருக்கு சிக்னல் தெரியவேண்டும் இல்லையா? முன்பெல்லாம் சிக்னலுக்கு முன்னால் தண்டவாளத்தில் வெடி வைப்பார்கள், சக்கரம் ஏறியதும் வெடிக்கும், சிக்னல் வருகிறது என்று ஓட்டுநர் தெரிந்துகொள்வார். இப்போது அடுத்த சிக்னல் எவ்வளவு தூரம் என்று சொல்லும் ஜிபிஎஸ் கருவி கையில் கொடுக்கிறார்கள். அப்போதும் வேகம் குறையத்தான் செய்யும், குறையவும் வேண்டும். போபால் தாண்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ரயில்தான் என்று முடிவுசெய்தால் ஒன்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏறுகிற ஸ்டேஷனில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், அதனால் நீங்கள் போகவில்லை என்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ரயில் உண்மையில் கிளம்புவதற்கு முன்னாலேயே டிடிஆர், அதாவது பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம், போட்டுவிடவேண்டும். அடுத்த நாள் ஆறுதலாகப் போட்டால் கிடைக்காது. நிறையப் பேர் இதில்தான் பணத்தை விடுகிறார்கள்.

சென்னையில் இறங்கிய அன்றே கும்பகோணத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்து வைக்காதீர்கள். நடுவில் ஒரு ராத்திரி விடுங்கள்.

போகி அன்று சென்னையில் விமானம் இறங்காது என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகி, நொய்டா

நடந்திருக்கிறது. 2018இல் போகி காலையில் புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல், பல விமானங்கள் தாமதமாகின, சில வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன. போகி அன்று அதிகாலையில் சென்னையில் இறங்கும் விமானத்தைத் தவிர்த்துவிடுங்கள், முந்தின நாளே வந்துவிடுங்கள். சென்னையில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் நீங்கள் கொளுத்துகிற புகையில், யாரோ ஒருவருடைய பிள்ளை வானத்தில் வட்டமடித்துக்கொண்டு இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

பெங்களூரிலிருந்து தூத்துக்குடி விமானம், மழையால் ரத்து என்று கடைசி நேரத்தில் சொன்னார்கள். நஷ்ட ஈடு கேட்கலாமா?
– ஒரு வாசகர், பெங்களூரு

வானிலை காரணம் என்றால் நஷ்ட ஈடு கிடையாது. ஆனால் ரத்தான டிக்கெட்டுக்கு முழுப் பணம், அல்லது வேறு விமானம், இரண்டில் எது வேண்டும் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும், அவர்களாக முடிவுசெய்யக் கூடாது. ரத்து ஆகாமல் காத்திருக்க வைத்தால், உங்களுடையது போல இரண்டரை மணி நேரத்துக்குள் போய்ச்சேரும் விமானத்துக்கு, இரண்டு மணி நேரத் தாமதத்துக்கே சாப்பாடோ சிற்றுண்டியோ தரவேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஐயா, என் மகன் சென்னையில் இருக்கிறான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மழையில் கிளம்பி வருகிறான். அவன் வந்து சேரும்வரை எனக்குத் தூக்கம் இல்லை. இந்த வருடம் வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நினைக்கிறேன். சொன்னால் வருத்தப்படுவானோ?
– ஒரு தாய், நாகர்கோவில்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வரவேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒரு நாள் கழித்து வா என்று சொல்லுங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. மழையில் அடித்துப்பிடித்துக் கிளம்புகிற பிள்ளைகள் பாதிப் பேர் அம்மா காத்திருப்பாளே என்றுதான் கிளம்புகிறார்கள். கவுன்ட்டரில் வந்து நின்று, "எப்படியாவது இன்றைக்கே போகவேண்டும் சார், அம்மா சாப்பிடாமல் இருப்பாங்க" என்று என்னிடம் சொன்னவர்கள் எத்தனை பேர்! நீங்களே முதலில் போன் போட்டு, 24ஆம் தேதி ராத்திரிக்குள் வந்தே ஆகவேண்டும் என்று இல்லை, 26ஆம் தேதி வந்தாலும் அன்றைக்குத்தான் நமக்குக் கிறிஸ்துமஸ் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் அவன் நிதானமாக யோசிப்பான்.

அவன் கிளம்பினால் பிஎன்ஆர் நம்பரையும் பெட்டி நம்பரையும் வாங்கி ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ரயில் எங்கே இருக்கிறது என்று 139க்குப் போன் செய்தால் சொல்வார்கள். அவனுக்கு அரை மணிக்கு ஒருமுறை போன் செய்யாதீர்கள், வழியில் நின்றுவிட்டால் அந்த சார்ஜ்தான் அவனுக்குத் துணை. விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி, இந்த நான்கு இடத்தில் மட்டும் ஒரு வாட்ஸ்அப் செய்தி போடச் சொல்லுங்கள், பதிலுக்கு நீங்களும் சரி என்று மட்டும் போடுங்கள்.

முந்திரிக்கொத்து செய்வீர்கள்தானே? அது ஒரு வாரம் கெடாமல் இருக்கும். அவனுக்கென்று தனி டப்பாவில் எடுத்து மூடி வையுங்கள்.