சுட்ட தோட்டாக் கூட்டில் பட்டாசு மருந்தை நிரப்பலாமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர் கேட்கிறார்: உரிமம் உள்ள பாயிண்ட் 32 ரிவால்வர், சுட்ட கூடுகளில் பட்டாசு மருந்தை நிரப்பி மறுபடி சுடலாமா?

தயவுசெய்து வேண்டாம். பட்டாசில் ஓசைக்காகச் சேர்க்கும் அலுமினியக் கலவை கண் இமைக்கும் முன்னே வெடித்துவிடும். ரிவால்வரில் தோட்டா போடும் உருளையே பிளந்து விரல்கள் போய்விடும். தோட்டாவில் இருப்பது நைட்ரோசெல்லுலோஸில் செய்த புகையில்லா மருந்து. அது எரிந்து, வாயுவால் குண்டைத் தள்ளும். கைத்துப்பாக்கிக்குக் குழல் குட்டை, அதனால் வேகமாக எரியும் மருந்து. நீளக்குழல் ரைஃபிளுக்குப் பொதுவாக மெதுவாக எரிவது. அதே அளவு மருந்துக்குக் குண்டின் எடை கூடினால் அழுத்தமும் கூடும். அமெரிக்காவில் வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்கள்கூட வெடிமருந்துக் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்துத்தான் மருந்தையும் குண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சரி, இங்கே? 1959 ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் தோட்டா தயாரிக்கும் உரிமம் ஆகாது. உரிமத்தோடு அங்கீகாரம் பெற்ற கடைக்குப் போய்ப் புதுத் தோட்டாவே வாங்குங்கள்.