பேசும் பன்றியும் பண்ணை வீடும்: கேள்வி பதில்

இரண்டு பிள்ளைகளின் தந்தை: 1995இல் வந்த ‘பேப்’ படத்தை என் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

நாய்களைப்போல் ஆடுகளை மேய்க்கக் கற்கிற பேப் என்ற பன்றிக்குட்டியின் கதை அது. காட்டு விலங்குக்கு எதிரி வெளியே இருக்கிறான். பண்ணை விலங்குக்கோ தீனி வைக்கிற கைதான் கத்தியையும் எடுக்கும். கதை எழுதிய டிக் கிங்-ஸ்மித் இருபது ஆண்டு விவசாயம் பார்த்தவர், அந்த உண்மையை மறைக்கவில்லை. கிறிஸ்துமஸ் விருந்தன்று விலங்குகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிற காட்சியைக் கவனியுங்கள். உள்ளே சாப்பாடு நடக்கிறது. தட்டில் இருப்பது யார்? பன்றி இல்லை, வாத்து. அறுப்பதைக் காட்டவே இல்லை, ஆனால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது.

‘இந்த வீட்டில் நான் எதற்கு?’ என்பது எல்லாக் குழந்தைக்கும் உள்ளே இருக்கிற கேள்வி. பன்றிக்கு அது உயிர்ப் பிரச்சினை. நாய்கள் ஆடுகளை முட்டாள் என்று நினைத்து விரட்டுகின்றன. பன்றி மரியாதையாகக் கேட்கிறது, ஆடுகள் நடக்கின்றன. கடைசியில் கர்வம் பிடித்த ரெக்ஸ் நாயே ஆடுகளிடம் போய்ப் பணிந்து பேச வேண்டியிருக்கிறது. எனக்குப் படத்தின் உச்சம் கடைசியில் வரும் ஆடு மேய்க்கும் போட்டி மைதானம் அல்ல, அந்த இடம்தான்.

கல்லூரி மாணவர்: பன்றி நிஜமா, கம்ப்யூட்டரா?

இரண்டும். குட்டிகள் மளமளவென்று வளர்ந்துவிடும் என்பதால் 48 பன்றிகளைப் பழக்கினார்கள். சில காட்சிகளில் பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சன் தொடங்கிய பட்டறையின் இயந்திரப் பொம்மைகள். வாயசைவு ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் நிறுவனம் செய்தது. ‘அப்போலோ 13’ படத்தைத் தாண்டி ஆஸ்கர் வாங்கிய வேலை அது.

இல்லத்தரசி: ஒரு பன்றியைக் காப்பாற்றுகிற சிலந்தியின் கதையான ‘சார்லட்ஸ் வெப்’ படம் போட்டேன். சிலந்தி சாகப்போகிறது என்றதும் என் ஆறு வயது மகள் அழுதாள். நிறுத்திவிட்டேன். சரிதானே?

சரியில்லை. நிறுத்தியதால் அவளுக்குக் கிடைத்தது சாவு மட்டும். அதற்குப் பிறகு முட்டைகள் பொரிகின்றன, குஞ்சுகள் காற்றில் பறந்து போகின்றன, மூன்று மட்டும் பன்றியோடு தங்குகின்றன. மீதியையும் போட்டுக் காட்டுங்கள்.

ஓர் ஆசிரியர்: நான் அந்த அம்மா பக்கம். ஆறு வயதில் சாவு எதற்கு?

வீட்டில் தாத்தா இறந்தால் ஆறு வயதுக் குழந்தையை எங்கே அனுப்புவீர்கள்? மூலக்கதை எழுதிய ஈ.பி. ஒயிட், மெய்ன் மாநிலப் பண்ணையில் நோயில் விழுந்த தன் பன்றியைக் காப்பாற்றப் பாடுபட்டார், முடியவில்லை. 1948இல் அதைக் கட்டுரையாக எழுதினார். 1952இல் வந்த கதையில் பன்றி பிழைக்கிறது. அந்தத் துக்கத்தை வெட்டினால் பன்றி பிழைத்ததற்கும் மதிப்பில்லை.

அதே ஆசிரியர்: தாத்தா வேறு, சினிமா வேறு. பயந்த குழந்தை ராத்திரி தூங்காது.

தனியாகப் பார்க்கவிட்டால் தூங்காதுதான். பக்கத்தில் உட்காருங்கள், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். அதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. படத்தை வெட்டுவதில்தான் சண்டை.

புது வாசகர்: பேப் பன்றி கிராபிக்ஸா?

மேலே சொல்லியிருக்கிறேன்.

ஒரு தாய்: 1954இன் ‘அனிமல் ஃபார்ம்’ கார்ட்டூன்தானே? ஐந்து வயதுக்குப் போடலாமா?

வேண்டாம். கார்ட்டூன் என்றாலே குழந்தைப் படம் என்று நினைக்காதீர்கள். உழைத்து ஓய்ந்த குதிரையை வண்டியில் ஏற்றிக் கொல்ல அனுப்புகிற படம் அது. அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் பணத்தில் எடுத்த பனிப்போர் அரசியல். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பார்க்கட்டும்.

சினிமா ரசிகர்: பேப் நடிகர் சைவமாகிவிட்டாராமே?

பண்ணைக்காரராக நடித்த ஜேம்ஸ் க்ராம்வெல் முன்பே சைவம். படப்பிடிப்பின்போது பால், முட்டைகூடத் தொடாத வீகனானார்.

பழைய பட ரசிகர்: நம் ‘ஆட்டுக்கார அலமேலு’?

அதில் ஆடு நடிக்கும், பேசாது. தேவர் ஃபிலிம்ஸ் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

இன்னொரு தந்தை: பேப் இரண்டாம் பாகம், அனிமல் ஃபார்ம் இரண்டையும் நாலு வயது மகனுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

அனிமல் ஃபார்ம் வேண்டவே வேண்டாம், மேலே படியுங்கள். 1998இல் வந்த இரண்டாம் பாகம் நகரத்தில் நடக்கிறது, முதல் படத்தைவிட இருட்டு. அருமையான படம், ஆனால் எட்டு வயதாகட்டும். இப்போதைக்கு முதல் பாகம் போதும்.