அம்மா நடிக்கல, தங்கச்சி

அண்ணே வணக்கம். எங்கம்மா தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க. கண்ணுல பிரஷர்னு ரொம்ப நாளா சொட்டு மருந்து ஊத்துறோம். இப்ப டாக்டர் 'லோ விஷன்'னு எழுதிக் குடுத்து ஓகேயூ கார்டுக்கு, அதான் மாற்றுத்திறனாளி அட்டைக்கு, பதியச் சொல்றாரு. அப்ப அம்மா குருடா? ஆனா ஊசில நூல் கோக்குறாங்களே! அதே ஆளு வாசப்படில தடுக்கி விழறாங்க, பக்கத்து வீட்டுல நடிப்புங்கறாங்க. தமிழ்ல இத என்னன்னு சொல்றது?
எம்., சுங்கை சிப்புட்

தங்கச்சி,

மொதல்ல அந்த நடிப்பு பேச்ச முடிச்சிருவோம். கண்ணு பிரஷர், அதான் குளுக்கோமா, பெரும்பாலும் ஓரத்துல இருந்துதான் பார்வைய திங்கும், நடுப்பார்வை கடைசி வரைக்கும் நிக்கும், அதனால ஊசி தெரியும், காலுக்கு கீழ இருக்குற படி தெரியாது, பக்கவாட்டுல வந்து நிக்கிற ஆளும் தெரியாது. மாக்குலா, அதான் நடுப்பார்வைய குடுக்குற விழித்திரை நடுப்பகுதி, கெட்டவங்களுக்கு இது தலைகீழ், லோங்காங்க (சாக்கடை கால்வாய) ஜம்முனு தாண்டுவாங்க ஆனா எதிர்ல வர்ற சொந்த மச்சான் மூஞ்சி தெரியாது, ஊரு திமிருன்னு சொல்லும். இனிப்பு நீர்ல, அதான் சக்கரை வியாதில, கண்ணு கெட்டவங்க கதை இன்னும் வேற.

லோ விஷன்ங்கறது குருடுக்கு மரியாதையா வச்ச பேர் இல்ல. கண்ணாடி போட்டும், ரெண்டுல நல்லா இருக்குற கண்ணுலயே 6/18 விட மோசம், ஆனா 3/60 வரைக்கும் இருக்குன்னா லோ விஷன், அதுக்கும் கீழ போனாத்தான் பார்வையில்லாதவங்க கணக்கு. 6/18னா மத்தவங்க 18 மீட்டர்ல இருந்து படிக்கிற எழுத்த இவங்க 6 மீட்டர் கிட்ட வந்து படிக்கணும். நம்ம மலேசியா சமூகநல இலாகா ஜேகேஎம்ல பார்வை வட்டம் 20 டிகிரிக்குள்ள சுருங்குனாலும் சேத்துக்குவாங்க, அம்மா அந்த வழியா வந்திருக்கலாம்.

தமிழ்ல குறைபார்வைன்னு எழுதுறாங்க, எனக்கு அது போதும். வெறுமனே பார்வை குறைவுன்னா ஸ்பெக்ஸ் போட்டா சரியாகுற பள்ளிக்கூட புள்ளைக்கும் அதத்தான சொல்றோம், கேக்குறவங்க நல்ல கண்ணாடியா வாங்கி குடும்மான்னுட்டு போயிருவாங்க. அரைக்குருடு, வேணவே வேணாம். வீட்டுக்கு வர்றவங்ககிட்ட பேரே சொல்லாதீங்க, 'அம்மாவுக்கு நேரா தெரியும், பக்கவாட்டுல தெரியாது, முன்னுக்கு வந்து கூப்பிடுங்க'ன்னு சொல்லுங்க, நான்னா அதத்தான் செய்வேன்.

கார்டு போடுங்க, என்ன கூச்சம். படி ஓரத்துல மஞ்ச பெயிண்ட்ல ஒரு கோடு, வாசலுக்கு நல்ல வெளிச்சமா ஒரு பல்பு. சொட்டு மருந்த நிறுத்திராதீங்க, போன பார்வைய அது கொண்டு வராது, இருக்குறத காப்பாத்தத்தான். அப்புறம் உங்க கண்ணையும் செக் பண்ணுங்க தங்கச்சி, இது குடும்பத்துல வர்ற வியாதி.