சின்ன வயதில் அம்மாவிடம் இருந்த ஒட்டுதல் பிற்காலக் காதலை, திருமணத்தைப் பாதிக்குமா?

பாதிக்கும், ஆனால் தலையெழுத்து மாதிரி இல்லை.

உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் அமெரிக்காவின் பால்டிமோரில் செய்த சோதனையில், ஒரு வயதுக் குழந்தையை அறையில் விட்டுவிட்டு அம்மா சில நிமிடம் வெளியே போவார். கவனிக்க வேண்டியது அவர் திரும்பி வரும்போது நடப்பதைத்தான். சில குழந்தைகள் ஓடி வந்து ஒட்டிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடி பொம்மையை எடுத்துக்கொள்ளும். சில தூக்கச் சொல்லிக் கை நீட்டும், தூக்கியதும் திமிறி அழும். இன்னும் சில திரும்பிக்கூடப் பார்க்காது, ஆனால் உள்ளே இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருக்கும். 1987-ல் ஹாசன், ஷேவர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இந்த மூன்று சாயல்களும் பெரியவர்களின் காதலிலும் தெரிவதாகக் காட்டினார்கள். போன் எடுக்காவிட்டால் வரிசையாக மிஸ்டு கால் விடுபவரையும், சண்டை வந்தால் "ஒண்ணுமில்ல" என்று கதவைச் சாத்திக்கொள்பவரையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். இதற்காக அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். குழந்தையின் சுபாவம், வீட்டுச் சூழல், பிறகு வந்த உறவுகள் எல்லாமே சேர்ந்துதான் இது.

இதை மாற்றவும் முடியும். உறவை மையமாகக் கொண்ட உளசிகிச்சையில் இந்தப் பழக்கம் சிகிச்சையாளரிடமே வெளிப்படும். அவர் விடுப்பில் போனால் கைவிட்டுவிட்டார் என்று தோன்றும். அதை நீங்கள் அடுத்த வாரம் நேரே சொல்லி, அவரும் சலித்துக்கொள்ளாமல் கேட்டுத் தன் பக்கத் தவறை ஒப்புக்கொள்ளும்போதுதான் உண்மையான வேலை நடக்கிறது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடங்களே ஆகும், அதனால் தயவுசெய்து இரண்டு மூன்று அமர்விலேயே நிறுத்திவிடாதீர்கள்.