ஆச்சியின் மஞ்சள் பை: நனைப்பதற்கு முன்

கேள்வி: ஆச்சியின் டிரங்குப் பெட்டியை ஒதுங்க வைக்கும்போது, அவர் கல்யாணத்துக்கு அச்சடித்த மஞ்சள் துணிப்பை ஒன்று அடியில் கிடைத்தது. மணமக்கள் பெயரும் 1971 என்ற ஆண்டும் சிவப்பு எழுத்தில் இருக்கின்றன. ஊக்கு குத்தியிருந்த இடத்தில் துரு, அதைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள், அடிப்பக்கம் கறை, பையெல்லாம் பாச்சை உருண்டை நாற்றம். பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. தை மாதம் என் மகள் கல்யாணத்தில் தாம்பூலத் தட்டில் இதை வைக்க ஆசை. என்ன செய்யலாம்?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். அது கறையோடு சேர்த்து மஞ்சள் நிறத்தையும் சிவப்பு எழுத்தையும் எடுத்துவிடும். பருத்தி நூலையும் அரிக்கும். துரு இருக்கும் இடத்தில் அந்த அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். பிறகு ஒரு நாள் அந்த இடம் பொத்தலாக விழும். எங்கள் வீட்டில் அம்மாவின் கல்யாணப் பையைச் சலவை சோடாவில் ஒரு ராத்திரி ஊறவைத்தோம். காலையில் வாளித் தண்ணீர் ரோஜா நிறத்தில் இருந்தது. பையில் தாத்தாவின் பெயர் இல்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உங்கள் பையில் காப்பாற்ற வேண்டியது அந்த எழுத்து. கறை கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் ஊக்கைக் கழற்றுங்கள். துருவேறி ஒட்டியிருந்தால் இழுக்காமல் கம்பியை வெட்டி எடுங்கள். பிறகு பையை உள்வெளியாகத் திருப்பி, மென்மையான தூரிகையால் தையல் மடிப்புகளில் இருக்கும் தூசியைத் தட்டுங்கள். குங்குமம் சிந்தியிருந்தால் ஈரம் படுவதற்கு முன்பே தட்டி எடுத்துவிட வேண்டும். நனைந்தால் அது பரவும். இதை மாடியிலோ முற்றத்திலோ, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு செய்யுங்கள். கறுப்புப் புள்ளி பூஞ்சணமாக இருந்தால் பொடி காற்றில் பறக்கும்.

ஆனால் ஊக்கைச் சுற்றி மட்டும் கறுப்பு என்பதால் எனக்கு வேறொரு சந்தேகமும் இருக்கிறது. தாம்பூலப் பையில் பாக்கு இருந்திருக்கும். பாக்கின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை போன்ற கறுப்பு உண்டாகும். தட்டியும் அந்தப் புள்ளி போகவில்லை என்றால் அதுவாக இருக்கலாம். அதைச் சோப்பு எடுக்காது. துருவுக்கு எலுமிச்சையும் உப்பும் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம்தான். வெள்ளை வேட்டிக்குச் சரி, சாயம் போட்ட பழைய பைக்கு ஆகாது. கடையில் விற்கும் துருநீக்கிகளும் பெரும்பாலும் அமிலம்தான். துருவை அப்படியே விட்டுவிடுங்கள்.

அடுத்தது சாயச் சோதனை. இதைச் செய்யாமல் பையைத் தண்ணீரில் போடாதீர்கள். வெள்ளைப் பஞ்சை நனைத்து, உள்பக்கத் தையலோரத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சிவப்பு எழுத்தின் ஒரு மூலையில் அப்படியே செய்யுங்கள். பஞ்சில் நிறம் ஏறாவிட்டால், நீங்கள் துவைக்கப்போகும் சோப்புக் கரைசலை வைத்து இரண்டு இடத்திலும் மறுபடி பாருங்கள். எதிலாவது கொஞ்சம் நிறம் வந்தாலும் துவைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். தூசி தட்டி, காற்றாட வைத்தால் போதும்.

நிறம் வரவில்லை என்றால் துவைக்கலாம். நம் ஊரில் தண்ணீரைப் பார்க்காமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது. குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வரும்போது பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. கரையாத படிவு துணியில் ஒட்டிப் பையைச் சாம்பல் பூக்க வைத்துவிடும். ஆற்றுத்தண்ணீர் கிடைக்காவிட்டால் கடைசி அலசலுக்காவது கேன் தண்ணீர் வாங்குங்கள்.

கம்பளித் துணிக்கென்று விற்கும் திரவ சோப்பில், சோடா சேர்க்காதது என்று உறையில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு வாளிக்கு ஒரு தேக்கரண்டி போதும். வெள்ளைத் துணியைப் பளிச்சிடச் செய்யும் தூள்கள் வேண்டாம். சொட்டு நீலம் பக்கத்திலேயே வரக்கூடாது, மஞ்சளில் நீலம் பட்டால் பச்சையாகத் தெரியும். பையை ஒரு பழைய வேட்டித் துண்டின் மேல் விரித்து, அந்தத் துண்டோடு சேர்த்துத் தண்ணீரில் இறக்குங்கள். பத்து நிமிடம், உள்ளங்கையால் மெல்ல அமுக்கினால் போதும். கல்லில் அடிப்பதும் கசக்கிப் பிழிவதும் கூடாது. அடிப்பக்கக் கறை சட்டென்று சிவந்தால் பயப்படாதீர்கள். அது மஞ்சள்தூள் கறை. சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், நன்றாக அலசினால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். அலசும் தண்ணீர் தெளிவாக வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

காய வைப்பதில் பலர் கைப்பிடியைக் கொடியில் மாட்டிவிடுகிறார்கள். ஈரத்தின் கனம் முழுவதும் அந்தப் பழைய தையலில் இறங்கும். கயிற்றுக் கட்டிலில் வேட்டியை விரித்து, நிழலில் படுக்கையாகப் போடுங்கள். மேலும் கீழும் காற்று கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் சீக்கிரம் காயாது, மறுபடி பூஞ்சணம் பிடிக்கும். புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.

கஞ்சி போட வேண்டாம். ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சிதான் விருந்து. பாச்சை உருண்டை நாற்றம் காற்றில்தான் போகும். சில நாள் எடுக்கும். பையைத் திரும்ப வைக்கும்போது வெள்ளை வேட்டியில் சுருட்டி வையுங்கள், பிளாஸ்டிக் உறையில் அடைக்காதீர்கள். தட்டில் வைக்கும் நாளில் வெற்றிலையையும் சுண்ணாம்பையும் நேரே பைக்குள் போடாமல் உள்ளே ஒரு வாழையிலைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாத்தா கொழும்பிலிருந்து வாங்கி வந்த வெல்வெட் கைப்பை, சரிகை வேலை செய்தது. உலர்சலவைக் கடையில் கேட்டேன். ரசீதில் "துணி சேதமானால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருக்கிறது. கொடுக்கலாமா?
- வாசகர், மேலப்பாளையம்

பதில்: முதலில் பையின் அடியை அமுக்கிப் பாருங்கள். பழைய கைப்பைகளில் உள்ளே அட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். அட்டை நனைந்தால் ஊறி, அதன் பழுப்பு வெல்வெட்டில் இறங்கும். ஆகவே வீட்டில் தண்ணீர் வேண்டாம். உலர்சலவையிலும் ஆபத்து உண்டு: உள்பக்கம் ரெக்சின் மாதிரி பிளாஸ்டிக் பூசிய துணியாக இருந்தால் அந்தக் கரைப்பான் பட்டு விறைத்து வெடிக்கும். சரிகை கறுத்திருந்தால் பித்தளைக்குத் தேய்ப்பதுபோலப் புளி தேய்க்காதீர்கள், நூல் கெட்டுவிடும். தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள் என்பதே என் யோசனை.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொண்டு போங்கள். "பொறுப்பல்ல" என்ற வரியை அச்சடித்துவிட்டதாலேயே கடையின் கவனக்குறைவு மன்னிக்கப்பட்டுவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் சொல்லலாம், தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணம் இல்லை. அதற்கு ஆதாரம் ரசீதுதான். வெறும் "கைப்பை - 1" என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். "பழைய வெல்வெட் பை, சரிகை வேலை, உள்ளே அட்டை, கிழிசல் இல்லை" என்று கடைக்காரர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.