நிலா வெள்ளையா, கருப்பா? உங்க கேள்விகளுக்கு பதில்

கேள்வி (பெசன்ட் நகர்): அக்கா, பௌர்ணமி நிலா பால் மாதிரி இருக்கு, நீங்க கருப்புன்னு சொல்றீங்களே?

கருப்புதான்பா. மேல விழற வெயில்ல 12 சதவீதம் மாதிரிதான் திரும்பி வருது, பழசாகி வெளுத்துப்போன தார் ரோடு இருக்கே, கிட்டத்தட்ட அது அளவுதான். சுத்தி வானம் கும்மிருட்டு, அதனால வெள்ளையா தெரியுது.

கேள்வி (அண்ணா நகர்): அப்போ அரை நிலான்னா பௌர்ணமில பாதி வெளிச்சம், சரியா மேடம்?

இல்லைங்க, பத்துல ஒரு பங்குகூட வராது! எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதான். நிலா தரை முழுக்க தூசி, பொடிக்கல், குழி, அரை நிலா அன்னிக்கு வெயில் பக்கவாட்டுல அடிக்குது, ஒவ்வொரு பொடியும் ஒரு நிழல் போடுது, அது பூரா நம்ம கண்ணுல படுது. பௌர்ணமில சூரியன் நம்ம முதுகுப் பக்கம், நிழலெல்லாம் அந்தந்த கல்லுக்குப் பின்னாடியே மறைஞ்சிடும். சாயங்காலம் மெரினா மணல்ல கடலைப் பார்த்து நில்லுங்க, மணல் பளிச்னு இருக்கும், அப்படியே ரோட்டுப் பக்கம் திரும்புங்க, காலடித் தடம் ஒவ்வொண்ணுலயும் நிழல் தேங்கி அதே மணல் மங்கலாயிடும். சனி வளையமும் சூரியனுக்கு நேரெதிரா வர்ற சமயம் சட்டுனு பளிச்சாகும், ஜெர்மன் விஞ்ஞானி சீலிகர் 1887லயே இந்த நிழல் கணக்கைத்தான் சொன்னாரு. நிழல் மட்டுமே காரணம் இல்ல, வந்த வழியே திரும்பற ஒளி அலைங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பலமாகறதும் உண்டு.

கேள்வி (தாம்பரம்): வெள்ளி ஏன் அவ்ளோ பிரகாசம்?

மேகம். கந்தக அமில மேகம் கிரகத்தையே மூடியிருக்கு, முக்கால்வாசி வெயில் அப்படியே திரும்பிடுது. நாம தரையைப் பார்க்கறதே இல்ல.

கேள்வி (பெரம்பூர்): சனியோட நிலா என்செலடஸ் 138 சதவீதம்னு படிச்சேன் அக்கா, வந்ததை விட அதிகமா எப்படி திருப்பும்?

திருப்பாதுப்பா, குழப்பற நம்பர் இது. சூரியன் நம்ம முதுகுப் பக்கம் இருக்கும்போது, அதே சைஸ் வெள்ளைத் தட்டு ஒண்ணு எவ்ளோ பளிச்னு தெரியுமோ அதோட ஒப்பிட்ட கணக்கு. அந்த ஒரு திசைல நிறைய வீசுது, எல்லா திசையும் கூட்டினா 80 சதவீதம் மாதிரிதான் வரும். உள்ளேருந்து பீச்சியடிக்கற பனித்தூள் மேலயே படிஞ்சு புதுசு புதுசா வெள்ளையடிக்குது, 2005ல காசினி விண்கலம் அதைக் கண்டுபிடிச்சுது.

கேள்வி (மயிலாப்பூர்): பிறைல இருட்டுப் பக்கமும் லேசா தெரியுதேம்மா?

அது நம்ம பூமி வெளிச்சம் மாமி! பூமி 30 சதவீதம் திருப்புது, அது நிலால பட்டு மறுபடி நம்மகிட்டயே வருது. அடுத்த மூணாம் பிறைக்கு இருட்டினதும் மொட்டை மாடில மேற்கால பாருங்க, கண்ணே போதும்.